ஆறு பேர், ஒரு பார்க்கிங்: சொகுசு செடானா, குடும்ப வண்டியா?

நங்கநல்லூரில் ஓர் அடுக்ககம். இரண்டாம் மாடி வீட்டில் ஆறு பேர்: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகப் பட்டறை நடத்தும் கணவர், தரமணியில் வேலை பார்க்கும் மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய அப்பா, அம்மா. அம்மாவுக்கு ஒரு முழங்காலில் மூட்டு மாற்று அறுவை நடந்திருக்கிறது. கீழே தூண்களுக்கு நடுவே ஒரே ஒரு கார் இடம். பழைய செடானுக்குப் பத்து வயது ஆகப்போகிறது. பட்டறை நன்றாக ஓடுகிறது, வங்கியும் கடன் தரத் தயார். இந்த முறை மெர்சிடீஸ் சி 200 அல்லது பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கிரான் லிமோசின் (இப்போதைய பெயர் லாங் வீல்பேஸ்) எடுத்துவிடலாம் என்பது கணவரின் எண்ணம். வீட்டில் மற்ற எல்லாரும் டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் பக்கம்.

இது குறிப்பிட்ட ஒரு வீட்டின் கதை அல்ல. சென்னையில் 40 லட்சத்துக்கும் 75 லட்சத்துக்கும் நடுவே தடுமாறும் பல வீடுகளின் நிலைமையைச் சேர்த்து வைத்த மாதிரி. தொகைகள் எல்லாம் வட்டமாக்கியவை. ஷோரூமில் அன்றைய விலையைப் போட்டு இதே கணக்கை நீங்களே திரும்பப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்த வீட்டுக்கு ஹைகிராஸ். ஆனால் எல்லாரும் முதலில் சொல்லும் மைலேஜ், எங்கள் பட்டியலில் கடைசியில்தான் வருகிறது.

இருக்கையின் உயரம்

சி 200-இன் நீளம் 4,751 மில்லிமீட்டர். ஹைகிராஸின் நீளம் 4,755. நான்கே மில்லிமீட்டர் வித்தியாசம். சொகுசு செடான் அடக்கமானது, இன்னோவா பெரிய வண்டி என்ற நினைப்பு பார்க்கிங்கில் செல்லாது. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் கார் இடத்தில் இரண்டுமே ஒரே அளவு நெருக்கடியோடுதான் நிற்கும். வேறுபாடு உயரத்தில் இருக்கிறது. ஹைகிராஸ் ஏறக்குறைய 1.79 மீட்டர், சி 200 ஏறக்குறைய 1.44 மீட்டர். அந்த முப்பத்தைந்து சென்டிமீட்டரில்தான் இந்த வீட்டின் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது.

மூட்டு மாற்று நடந்த முழங்காலுக்குத் தாழ்ந்த இருக்கையில் உட்காருவதை விட எழுந்திருப்பது கடினம். முழங்கால் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்கி, உடல் எடை முழுவதும் அந்தக் காலில் இறங்கும். செடானின் பின் இருக்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு: கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பு தாழ்ந்து வரும், தலையைக் குனிந்துகொண்டே இடுப்பைத் திருப்ப வேண்டும். புடவை கட்டியவருக்கு இது இரட்டை வேலை. ஷோரூமுக்கு ஒரு இஞ்ச் டேப் கொண்டுபோங்கள். வீட்டில் அம்மா சிரமமில்லாமல் உட்கார்ந்து எழும் நாற்காலியின் உயரத்தை முன்பே அளந்துகொள்ளுங்கள். கார் இருக்கையின் வெளி விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய அதே உயரத்தில் இருந்தால் சரி. ஐந்து சென்டிமீட்டர் குறைந்தால் சமாளிக்கலாம். பதினைந்து குறைந்தால், வாங்கிய மூன்றாம் மாதத்தில் ‘நீங்க போய்ட்டு வாங்க, நான் வரலைப்பா’ என்று அம்மா சொல்ல ஆரம்பிப்பார். வண்டி எவ்வளவு வசதியாக இருந்தும் அவருக்குப் பயன் இல்லை.

3 சீரிஸ் கிரான் லிமோசினின் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம், 2,961 மில்லிமீட்டர். பின்னால் கால் நீட்ட தாராளமான இடம். அதை வைத்துத்தான் ‘அப்பா அம்மாவுக்கு வசதி’ என்று விற்பனையாளர் சொல்வார். உட்கார்ந்த பிறகு வசதிதான். உட்காருவதும் எழுவதும் நீளத்தால் மாறாது.

அடுத்து ஆளெண்ணிக்கை. ஐந்து பேர் வண்டியில் ஆறாவது ஆளுக்கு இடமில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஆனாலும் ஷோரூமில் அது மறந்துவிடுகிறது. பின்னால் மூன்று பேர் என்று எழுதியிருந்தாலும், பின்சக்கரங்களைச் சுழற்றும் இந்த இரண்டு செடானிலும் நடுவே தரையில் ஒரு மேடு ஓடும். அதன் இருபுறமும் கால் வைத்து நடுவில் உட்காரும் ஆள் விக்கிரவாண்டி வருவதற்குள் இறங்கிக்கொள்கிறேன் என்பார். குலதெய்வம் கோயிலுக்கு ஆறு பேரும் போகும்போது இரண்டாவது வண்டி அல்லது வாடகை இன்னோவா வேண்டும். 72 லட்சம் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு வாடகை இன்னோவாவில் ஊருக்குப் போகும் வீடுகள் இந்த நகரத்தில் இருக்கின்றன.

ஹைகிராஸின் மூன்றாம் வரிசையைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குச் சரி, பெரியவர்களுக்கு இரண்டு மணி நேரம் தாங்கும். மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கியில் மிஞ்சுவது 239 லிட்டர்தான்: இரண்டு நடுத்தரப் பெட்டிகள், ஒரு கூடை. ஆறு பேரோடு நான்கு நாள் பயணம் என்றால் சாமான்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆறு பேருக்கு ஏழு இருக்கை வகையே பொருந்தும். நடுவரிசையில் தனித்தனி கேப்டன் இருக்கை இருந்தால் பிள்ளைகள் நடுவழியாகப் பின்னால் போய்விடலாம், பாட்டி எழுந்து வழிவிட வேண்டியதில்லை. மேல் வகையில் வரும் மின்சார ஆட்டோமான் கால்தாங்கியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். முன்னால் போதிய இடம் இருந்தால்தான் அது உருப்படியாக நீளும்.

ஐந்து வருடக் கணக்கு

ஆன்ரோடு விலையை மட்டும் ஒப்பிடுவது தவறான இடத்தில் தொடங்குவது. வாங்கிய நாளிலிருந்து விற்கும் நாள்வரை கையைவிட்டுப் போகும் மொத்தத் தொகையை ஒப்பிட வேண்டும்.

ஹைகிராஸ் ஹைபிரிட் மேல் வகையின் ஷோரூம் விலை 31.5 லட்சம் என்றும், சி 200 வகையறாவின் விலை 58 லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் ஜிஎஸ்டி ஒரே 40%. முன்பு ஹைபிரிட்டுக்கு 43%, பெரிய எஸ்யூவிக்கு 50% என்று இருந்த படிகள் போய்விட்டன. மாநிலத்தின் வாழ்நாள் வரி 2023 நவம்பர் திருத்தப்படி 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. ஆக ஒன்றுக்கு 6.3 லட்சம், மற்றதற்கு 11.6 லட்சம். விற்கும்போது இந்த வரியை யாரும் தனியாக எண்ணித் திருப்பித் தர மாட்டார்கள். இன்சூரன்ஸ், பதிவுச் செலவு, 1% டிசிஎஸ் சேர்த்து ஹைகிராஸ் ஏறக்குறைய 39.5 லட்சம், சி 200 ஏறக்குறைய 72.5 லட்சம். (டிசிஎஸ் செலவல்ல, 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு உங்கள் பான் கணக்கில் போய்ச் சேரும் முன்கூட்டிய வரி. டிசிஎஸ் சான்றிதழைக் கேட்டு வாங்கி வருமான வரியில் கழித்துக்கொள்ளுங்கள். பலர் விட்டுவிடுகிறார்கள்.)

ஓட்டம் வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர், ஐந்து வருடத்தில் 60,000. நகர ஓட்டமே அதிகம் என்பதால் ஹைகிராஸுக்கு லிட்டருக்கு 16, சி 200-க்கு 10 என்று வைப்போம். நிறுவனம் சொல்லும் 23.24 சோதனைக்கூட எண், அதை வைத்துப் பட்ஜெட் போட வேண்டாம். பெட்ரோல் 101 ரூபாய் என்றால் ஐந்து வருடத்துக்கு 3.8 லட்சமும் 6.1 லட்சமும் ஆகும். வித்தியாசம் 2.3 லட்சம். 33 லட்சம் கூடுதலாகப் போட்டு எடுக்கும் வண்டியில் இது சில்லறை. மைலேஜைக் கடைசியில் வைத்ததன் காரணம் இதுதான்.

சர்வீஸ், தேய்மான பாகங்கள்: ஹைகிராஸுக்கு ஐந்து வருடத்தில் 75 ஆயிரம், சி 200-க்கு 2.75 லட்சம். ஒரு செட் டயர்: 55 ஆயிரம், ஒரு லட்சம். இரண்டாம் வருடம் முதல் நான்கு வருட இன்சூரன்ஸ், முக்கியமான கூடுதல் பாதுகாப்புகளோடு: 3 லட்சம், 5.7 லட்சம்.

பெரிய ஓட்டை இனிமேல்தான். ஐந்தாம் வருட முடிவில் ஹைகிராஸை 20 லட்சத்துக்கும் சி 200-ஐ 29.5 லட்சத்துக்கும் விற்பதாக வைத்தால், மதிப்பிழப்பு 19.5 லட்சமும் 43 லட்சமும். எல்லாம் கூட்டினால் ஹைகிராஸ் 27.6 லட்சம், சி 200 58.5 லட்சம். கிலோமீட்டருக்கு 46 ரூபாய், 98 ரூபாய். ஏறக்குறைய 31 லட்சம் இடைவெளியில் நான்கில் மூன்று பங்கு மதிப்பிழப்பு மட்டுமே.

மறுவிற்பனை விலை ஊகம்தானே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் பார்ப்போம். சி 200 அதிசயமாக 35 லட்சத்துக்குப் போனாலும் இடைவெளி 25 லட்சத்துக்குக் கீழே வராது. அதோடு ஹைகிராஸ் 16 லட்சத்துக்கே போனாலும் 21 லட்சம் நிற்கும். முடிவு அசையாது. கூடுதல் 33 லட்சத்தைக் கடனாக எடுத்தால் 9% வட்டியில், 60 தவணையில், மாதம் சுமார் 68,500 ரூபாய். வட்டி மட்டும் 8 லட்சம். மேலே சொன்ன கணக்கில் இதைச் சேர்க்கவே இல்லை.

பட்டறைக்காரர்கள் இங்கே ஒன்று சொல்வார்கள்: ‘கம்பெனி பேர்ல எடுத்தா எல்லாம் வரியில போயிடும்.’ போகாது. காருக்கு வருமான வரித் தேய்மானம் குறையும் மதிப்பின் மீது வருடத்துக்கு 15%. ஐந்து வருடத்தில் வாங்கிய விலையில் 55.6% தேயும். முதல் வருடம் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் அந்த வருடம் பாதிதான். கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது, பயணிகள் காருக்கு அந்த வசதி அடைக்கப்பட்டிருக்கிறது. கம்பெனிக்கு 25.17% வரி என்றால், முழு இடைவெளியும் செலவாக ஏற்கப்பட்டால்கூட நான்கில் ஒரு பங்குதான் குறையும், 31 லட்சம் 23 லட்சமாகும். அதுவும் சொந்த உபயோகத்துக்கான பங்கை அதிகாரி வெட்டாமல் விட்டால்.

இடையில் ஒரு வேடிக்கை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டணம் வண்டியின் விலையைப் பார்க்காது, என்ஜின் கொள்ளளவைப் பார்க்கும். 2022 ஜூன் முதல் வந்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி வரை மூன்று வருடத்துக்கு 10,640 ரூபாய், 1,500-ஐத் தாண்டினால் 24,596. சி 200-இன் என்ஜின் 1,496 சிசி, ஹைகிராஸ் ஹைபிரிட்டுடையது 1,987. ஹைபிரிட்டுக்கு 7.5% தள்ளுபடி உண்டு என்றாலும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலையுள்ள பென்ஸுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பாதிக் கட்டணம்.

தண்ணீர்

2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்கள். அது பதற்றம் அல்ல, அனுபவம். நங்கநல்லூர், மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கம் கார் வாங்குகிறவர் தரை இடைவெளியையும் இன்சூரன்ஸ் நிபந்தனையையும் இருக்கைத் தோலின் நிறத்துக்கு முன்பே பார்க்க வேண்டும்.

என்ஜினுக்குள் காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அழுந்தாது. கனெக்டிங் ராட் வளையும், சில சமயம் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். இதற்கு ஹைட்ரோஸ்டேட்டிக் லாக் என்று பெயர். சாதாரண முழு இன்சூரன்ஸ் இதை ‘பின்விளைவுச் சேதம்’ என்று ஒதுக்கிவிடும். இதற்குத்தான் என்ஜின் புரொடெக்ட் என்ற தனிச் சேர்க்கை. அதை எடுத்திருந்தாலும், நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ய முயன்றது தெரிந்தால் தகராறு வரும்.

இரண்டாவது சேதம் மின்னணுப் பாகங்களில். சொகுசு வண்டியில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அதிகம். சில தரை விரிப்புக்கு அடியிலும் இருக்கைக்குக் கீழும் உட்கார்ந்திருக்கும். இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் எஸ்டிமேட் சட்டென்று லட்சங்களில் ஏறும். பழுதுச் செலவு இன்சூரன்ஸ் மதிப்பான ஐடிவியில் 75%-ஐத் தாண்டினால் மொத்த இழப்பு என்று எழுதிவிடுவார்கள். அந்த ஐடிவி அட்டவணைப்படி தேய்ந்துகொண்டே வருவது: முதல் ஆறு மாதம் 5%, ஒரு வருடத்துக்குள் 15%, இரண்டு வருடத்துக்குள் 20%, பிறகு 30, 40, ஐந்தாம் வருடத்தில் 50%. நாலரை வயதான 58 லட்சம் வண்டி மூழ்கினால் கைக்கு வருவது 29 லட்சத்துக்குள்தான். கடன் பாக்கி இருந்தால் வங்கிக்குப் போனது போக. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் சேர்க்கை இந்தப் பள்ளத்தை நிரப்பும், ஆனால் பல நிறுவனங்கள் அதை முதல் சில வருடங்களுக்கு மட்டுமே தருகின்றன.

ஹைகிராஸின் தரை இடைவெளி 185 மில்லிமீட்டர். அதை வைத்து அது ஜீப்பாகிவிடாது. முழங்கால் அளவுத் தண்ணீரில் எந்தக் காரையும் இறக்கக் கூடாது. பெரிய வித்தியாசம் அன்றாடம் ஏற்படுவது: தெருவில் கணுக்கால் தண்ணீர் நிற்கும் நாளில் எதிரே வரும் லாரியின் அலை செடானின் பம்பருக்குள் ஏறுவது போல ஹைகிராஸில் எளிதாக ஏறாது. ஹைபிரிட்டில் கூடுதல் கவனம் ஒன்று உண்டு. ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பிகள் உயர் மின்னழுத்தம் தாங்குபவை, தண்ணீர் புகுந்த வண்டியில் அவற்றைத் தெருமுனை மெக்கானிக் தொடக் கூடாது. இழுத்துப் போகும்போதும் முன்சக்கரம் தரையில் உருளக் கூடாது, மோட்டார் அதோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் உண்டாக்கும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் பட்டனைத் தொடாமல், தண்ணீர் மட்டம் தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொன்ன பிறகே வண்டியை நகர்த்துவது இரண்டு வண்டிக்கும் பொது.

தெருவும் டயரும்

இந்திய சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெதுவாக ஏறி இறங்கும் வளைவு. நம் தெருக்களில் ஒரே இரவில் முளைக்கும் வேகத்தடைக்கு இந்த அளவெல்லாம் தெரியாது. நீண்ட வீல்பேஸும் தாழ்ந்த அடிப்பகுதியும் சேர்ந்தால் நடுவயிறு உரசும். பின்னால் மூன்று பேர் உட்கார்ந்ததும் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கும். சாய்வாக ஏறினால் தப்பிக்கலாம். தெரு அகலம் இருந்தால். அடுக்ககத்தின் சாய்தளமும் சாலையும் சேரும் விளிம்புதான் பெரும்பாலும் முதல் கீறல் விழும் இடம்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று தடங்கள். ஓஎம்ஆர், ஆற்காடு சாலை, மேடவாக்கம் பக்கமெல்லாம் தோண்டியும் ஒட்டுப்போட்டும் வருடங்கள் ஓடுகின்றன. இரும்புத் தகடு மூடிய பள்ளத்தின் விளிம்பில் தாழ்ந்த பக்கச்சுவர் கொண்ட 18 அங்குல டயர் அடிபட்டால் உள்ளிழை அறுந்து பக்கவாட்டில் கொப்பளம் வரும். அதற்கு வாரண்டி கிடையாது, ஒட்டவும் முடியாது, டயரை மாற்றத்தான் வேண்டும். பிஎம்டபிள்யூவில் வரும் ரன்ஃபிளாட் டயர் காற்று இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும். நகரத்துக்குள் அது வரம். திண்டிவனம் தாண்டி இரவில் அது போனால் வழியோரப் பஞ்சர் கடையில் அந்தக் கடினமான டயரைக் கழற்றும் கருவி இருக்காது. மெர்சிடீஸில் ஸ்டெப்னி வந்தாலும் அது டிக்கியின் இடத்தைத் தின்றுவிடும். ஹைகிராஸிலும் மேல் வகைக்கு 225/50 ஆர்18 டயர்தான், பள்ளத்தில் அதன் கடினம் தெரியும். தெரு மோசமான பகுதியில் இருப்பவர்கள் ஒரு படி கீழான வகையைச் சின்னச் சக்கரம், உயரமான டயரோடு எடுப்பது புத்திசாலித்தனம், லட்சங்களும் மிச்சம்.

மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ ஆலை இருக்கிறதே, பாகம் உடனே கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே நடப்பது வண்டியைக் கூட்டுவது. முன்விளக்கு, பம்பர் சென்சார், கண்ணாடி போன்ற மோதல் பாகங்கள் உங்கள் வசதிக்காக அங்கே குவிந்து கிடப்பதில்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பிறந்த வண்டிக்கும் விளக்கு வேறு நாட்டிலிருந்து வரும்வரை காத்திருக்க நேரலாம். வீட்டில் ஒரே வண்டி என்றால் அந்த மூன்று வாரத்தை யார் சமாளிப்பது என்பதையும் பேசிவையுங்கள்.

ஹைகிராஸில் பொறுத்துக்கொள்ள வேண்டியவை

குறை இல்லாத வண்டி இல்லை. மிதியை முழுதாக அழுத்தினால் என்ஜின் ஓலமிடும், வேகம் அதற்கேற்ப உடனே வராத உணர்வு இருக்கும். கிரக கியர் அமைப்பு கொண்ட இ-சிவிடி என்ற தானியங்கி கியரின் இயல்பு அது. டேஷ்போர்டின் பிளாஸ்டிக் இந்த விலைக்குக் கொஞ்சம் மலிவு. கதவு மூடும் சத்தத்தில் பென்ஸ் பென்ஸ்தான். 110-க்கு மேல் நெடுஞ்சாலையில் செடானின் நிதானம், காற்றிரைச்சல் இல்லாத அமைதி, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் முதுகு கேட்காத முன்சீட்டு, இவை விளம்பர வார்த்தைகள் அல்ல, உண்மையான பொறியியல். நெடுஞ்சாலையில் மைலேஜ் இடைவெளியும் சுருங்கும். ஹைபிரிட்டின் லாபம் கத்திப்பாராவிலும் மத்திய கைலாஷிலும் நின்று நின்று போகும்போதுதான், பிரேக் பிடிக்கும் சக்தி பேட்டரிக்குத் திரும்புவதால்.

பாதுகாப்பு நட்சத்திரத்தை வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. சி கிளாஸின் ஐந்து நட்சத்திரம் 2022-இல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய மோதல் சோதனையில் வந்தது, ஹைகிராஸுடையது இந்தியாவின் பாரத் என்கேப்பில். தேர்வுத்தாள் வேறு, திருத்தும் முறை வேறு. இந்த வீட்டில் பயன்படும் கேள்வி, பின்னால் இருக்கும் நான்கு பேரும் பெல்ட் போடுவார்களா என்பது.

டீசல் பென்ஸோ டீசல் பிஎம்டபிள்யூவோ எடுத்தால் எரிபொருள் கணக்கு மாறுமே என்றால், மாறும். ஆனால் நங்கநல்லூரிலிருந்து தரமணிக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் ஓட்டத்தில் டீசலின் கரித்துகள் வடிகட்டி தன்னை எரித்துச் சுத்தம் செய்யும் வெப்பத்தை எட்டாது. விளக்கு எரியும், அடிக்கடி நெடுஞ்சாலைக்கு ஓட்டிப்போக வேண்டியிருக்கும். மின்சாரக் கார் இன்னொரு நல்ல வழி, ஜிஎஸ்டி 5% மட்டுமே. தூண்களுக்கு நடுவே உள்ள பொதுப் பார்க்கிங்கில் தனி மீட்டரோடு சார்ஜர் போட அடுக்ககச் சங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மேலே போட்ட கணக்கை மூன்று வண்டிக்குமாகத் திரும்பப் போடலாம்.

எப்போது பென்ஸ் சரி

இதே பணத்தில் நிலைமை வேறாக இருந்தால் நாங்களே செடானைச் சொல்வோம். வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய வண்டி நிற்கிறது, ஓட்டுகிறவர் ஓட்டுவதற்காகவே வாங்குகிறார், மாதம் இரண்டு முறை தனியாகப் பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோ போகிறார், பார்க்கிங் தரைமட்டத்துக்கு மேலே என்றால் எடுக்கட்டும். டிரைவர் வைத்துப் பின்னால் உட்கார்ந்து தொழில் பேசுகிறவருக்குக் கிரான் லிமோசின் நல்ல அறை. இந்த வீட்டில் நெடும்பயணத்துக்கு ஆக்டிங் டிரைவர்தான் வருகிறார். அறிமுகமில்லாத ஒருவர் நாளுக்கு நாள் மாறி மாறி ஓட்டும் வண்டிக்கு எளிமையான கட்டுப்பாடுகள் இருப்பதே நல்லது. புதிய கட்டடங்களில் வரும் அடுக்குப் பார்க்கிங்கும் ஒரு விதிவிலக்கு. சில தட்டுகள் செடான் உயரத்துக்கு மட்டுமே கட்டப்பட்டவை. 1.79 மீட்டர் வண்டி அதில் நுழையாது, புக்கிங் போடும் முன் தட்டின் உயர வரம்பையும் எடை வரம்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஆசை விடவில்லை என்றால் நாலைந்து வயதான செகண்ட் ஹேண்ட் பென்ஸ் ஒரு வழி. வாழ்நாள் வரியும் பெரும் மதிப்பிழப்பும் முதல் உரிமையாளர் தலையில் போய்விட்டிருக்கும். மெர்சிடீஸின் மூன்று வருட வாரண்டி முடிந்திருக்கும் என்பதால் நீட்டித்த வாரண்டி இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். சென்னை வண்டியில் முதலில் தேட வேண்டியது வெள்ளத் தடம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், வழக்கமாகச் சுருண்டிருக்கும் பகுதியில் மண் கோடு தெரியும். இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியின் மூலையில் வண்டல், முன்விளக்குக்குள் நீர்க்கோடு, ஏசி போட்டதும் புழுங்கல் வாடை. 2023 டிசம்பருக்குப் பிந்தைய இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

வாங்கும் நாளில்

டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் முடிக்க விடாதீர்கள். ஆறு பேரையும் ஏற்றி, உங்கள் தெரு வேகத்தடை, உங்கள் சாய்தளம், உங்கள் தூண் வரை கொண்டுவரச் சொல்லுங்கள். பகல் இரண்டு மணிக்கு, மூன்றாம் வரிசையில் ஏசி எவ்வளவு நேரத்தில் எட்டுகிறது என்று பாருங்கள். தூணை ஒட்டி நிறுத்தியபின் நடுக்கதவு அம்மா இறங்கும் அளவுக்குத் திறக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும்.

டெலிவரிக்கு முன் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் காட்டும். ஹைபிரிட் பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. அந்தப் பேட்டரியைக் குளிரவைக்கும் காற்று எங்கே உள்ளே போகிறது என்று டெக்னீஷியனைக் காட்டச் சொல்லி, அந்த இடத்தில் பை, பாய், துணி வைத்து அடைக்கக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். சர்வீஸில் அந்தக் காற்று வழியின் வடிகட்டியைச் சுத்தம் செய்ததாக பில்லில் குறிப்பு இருக்க வேண்டும்.

இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே இரண்டு இடத்தில் ஒரே ஐடிவிக்கு விலை கேட்டு வைத்துப் பேசினால் ஷோரூமும் இறங்கிவரும். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் சேர்க்கை கட்டாயம்: அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு பாதிப் பணம் உங்கள் கையிலிருந்து போகும். என்ஜின் புரொடெக்ட், கன்ஸ்யூமபிள்ஸ் (ஆயில், நட்டு, போல்ட் போன்றவற்றின் செலவுக்கு), ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ஜின் புரொடெக்டின் வாசகத்தில் ஹைபிரிட் மோட்டாரும் உயர் மின்னழுத்த பேட்டரியும் பெயரோடு வருகிறதா என்று படித்துப் பாருங்கள், இல்லையென்றால் வேறு நிறுவனம். இந்தச் சேர்க்கைகளைப் பாலிசி தொடங்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் எடுக்க முடியும். நவம்பரில் மழை தொடங்கிய பிறகு போன் போட்டுப் பயனில்லை.